அடியில் அள்ளுகிறவர்கள்

திரிசூலத்தில் குவாரி ஓடிய காலம்.
இரவு பதினொன்றுக்கு லோடு.
நூறடிச் சாலை, மாதவரம், பிறகு உப்புக்காற்று.
எர்ணாவூரில் விடியும்.
நடைக்கு ஒன்பது டன் கருங்கல்,
கடலில் கொட்ட.

குன்று முன்பு மொட்டைத்தலைபோல் உருண்டிருந்ததாம்.
ஆடு ஏறுமாம்.
நான் பார்த்தபோது அது சுவர்.
நிமிர்ந்தால் கழுத்து வலிக்கும்.
மேலிருந்து கீழே வெடித்துளைகளின் கோடு,
நடுவில் ஓர் ஆலஞ்செடி,
அடியில் ஆழம் தெரியாத பச்சைத் தண்ணீர்.

சரிவைப் பற்றி என் கைக்குக் கொஞ்சம் தெரியும்.
பின்கதவைத் திறந்து லீவரை இழுத்தால்
முதலில் ஒன்றும் நடக்காது.
தொட்டி ஏறும். கல் யோசிக்கும்.
இன்னும் கொஞ்சம்.
பிறகு ஒரு கல் புரளும்,
அது சொன்னதைக் கேட்டு மற்றதெல்லாம்.
மணல் சீக்கிரம் சம்மதிக்கும்.
ஈரமணல் அடம்பிடிக்கும், வண்டியையே தூக்கப் பார்க்கும்.
எதற்கும் ஒரு சாய்வு இருக்கிறது, அதுவரை தாங்கும்,
அதற்குமேல் ஒரு விரல்கூட இல்லை.

எர்ணாவூரில் சீட்டுக் கிழிப்பவர் தேசப்பன்.
அவர் வீடு முதல் வரிசை.
போன ஐப்பசியில் அது மூன்றாம் வரிசை.

புயல் கடந்த மறுநாள் கூட்டிப்போய்க் காட்டினார்.
கத்தி வைத்து அறுத்ததுபோல் நின்றது கரை,
ஆள் உயரம்.
அந்த முகத்தில் சிப்பி ஒரு வரி,
செங்கல் ஒரு வரி,
பால்கவர், வேப்பவேர்,
எங்கும் போய்ச் சேராத ஒரு குழாய்.

‘மேல நிக்காத. அடி காலி.’

அலை மேலே ஏறவே இல்லை.
பாதத்தை மட்டும் குடைந்துகொண்டிருந்தது.
மேலே தரை, ஒன்றும் தெரியாமல்,
கொடியில் பள்ளிக்கூடச் சட்டையைக் காயவைத்திருந்தது.
கம்பத்துக்கு இந்தப் பக்கம்
மயிரளவில் ஒரு விரிசல்.
பிறகு தொப்பென்றுகூட இல்லை,
களைத்த ஆள் உட்கார்வதுபோல் போனது,
சட்டையோடு.

விழுந்த மண் அடியில் குவிந்து
ஒரு நிமிஷம் கரைக்கு முட்டுக் கொடுத்தது.
‘இத இப்டியே வுட்டா போதும்,
கரை சாஞ்சி படுத்துக்கும், புல்லு மொளைக்கும்.
வுடாது, பாரேன்.’
அடுத்த அலை அள்ளியது.
அதற்கடுத்தது துடைத்தது.
மறுபடி செங்குத்து.

துறைமுகச் சுவர் மணலைத் தெற்கே மறித்துக்கொண்டது.
மெரினாவில் கால் நனைக்க
வருஷா வருஷம் கூடுதலாய் நடக்கிறார்கள்.
இங்கே வந்து சேராத மணலுக்கு
வீடாக எடுத்துக்கொள்கிறது கடல்.
இது தேசப்பன் கணக்கு.
அதே நோட்டில்தான் என் நடையும்.

கொட்டினேன்.
ஒன்பது டன்னும் ஒரு கொப்பளிப்பு.
ஒரு முனை மட்டும் வெளியே கறுத்துத் தெரிந்தது,
பிறகு அதுவும் இல்லை.

திரும்பும்போது காலி வண்டி பள்ளத்துக்குப் பள்ளம் குதித்தது.
மீனம்பாக்கம் தாண்டியதும் அந்தச் சுவர்.
இப்போது வேறுமாதிரி பார்த்தேன்.
இங்கேயும் வெடிக்கிறது, விழுகிறது, குவிகிறது.
விட்டுவைத்தால் இதுவும் சாய்ந்து படுத்திருக்கும்,
ஆடு ஏறியிருக்கும்.
ஆனால் நாங்கள் வருகிறோம்.
எனக்கு முன்னால் பதினாறு வண்டி, பின்னால் பதினெட்டு,
ஒன்றன்பின் ஒன்றாக,
இரவெல்லாம்.

லோடு மேஸ்திரி பீடியைக் காது மடலில் செருகிக்கொண்டு கேட்டார்:
‘கடல் எப்டிருக்கு?’

பசியாத்தான் இருக்கு, என்றேன்,
வரிசையில் வண்டியை நகர்த்தியபடி.