ஒற்றை டொக்

டேனரி ரோட்டில் ஷட்டர் பாதி ஏறும்போதே
வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.
"என்ன சத்தம்க்கா?" என்றான் இலியாஸ்.
சொல்லத் தெரியவில்லை. வாயால் செய்து காட்டினேன்.
டொக்.
"டொக்கா, டக்கா?"
டொக்.
"ஒரு தடவையா, ரெண்டா?"

எட்டாம் வகுப்பில் இரட்டைக்கிளவி நடத்தினார்கள்.
கடகட, மடமட, சலசல.
பிரித்தால் பொருள் தராது என்று
பலகையில் எழுதி அடிக்கோடு போட்டார்கள்.
என் பிக்கப் இலக்கணம் படிக்கவில்லை.
ஒற்றையாய்த்தான் சொல்லும்,
அதுவும் இடது முன்சக்கரம்
குழியிலிருந்து ஏறும்போது மட்டும்.

ஐம்பது தண்ணீர் கேன் ஏற்றினால் வாய் திறக்காது.
திரும்பும்போது, காலி கேன்கள் பின்னால்
கும்மாளம் போடுகிற நேரம் பார்த்து,
தவணை ஆள் கதவைத் தட்டுகிற மாதிரி
ஒரு தட்டு.

ஜாக்கி வைத்தான்.
டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். ஆட்டமில்லை.
பக்கவாட்டில். இல்லை.
கடப்பாரையை ஆர்முக்கு அடியில் விட்டு நெம்பினான்.
புஷ் ரப்பர் லேசாக வெடித்திருந்தது.
"இது கிறீச்சும்க்கா, டொக்காது."
பால் ஜாயின்ட் கல் மாதிரி.
ஷாக் அப்சார்பர் புத்தம்புதுசு;
போன வாரம் ஹெண்ணூர்க்காரன்
மூவாயிரத்து இருநூறு வாங்கிக்கொண்டு மாற்றியது.
இலியாஸ் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"ஓட்டுங்க. நான் பக்கத்துல வரேன்."
கோழிக்கடை முன்னால் ஸ்பீடு பிரேக்கர்.
ஏறினேன், இறங்கினேன், ரிவர்ஸ் எடுத்தேன்.
கோழிக்கடைப் பையன் கத்தியை வைத்துவிட்டு எண்ணினான்.
ஆறாவதில் இலியாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.
எட்டாவதில் கையைத் தூக்கினான்.

பானெட் மூலையில் நானும் அந்தப் பையனும்
தொங்கித் தொங்கி அமுக்கினோம்.
இலியாஸின் கால்கள் மட்டும் வெளியே.
எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை.
அவன் விரலுக்குக் கேட்டது.

ஒரு சாண் கம்பி. லிங்க் ராடாம்.
ஒரு முனையில் குமிழ் தேய்ந்து
பால்பல் மாதிரி ஆடியது.
நானூற்று ஐம்பது.
கூலி இருநூறு என்று சொல்லும்போது மட்டும்
அவன் வேறு பக்கம் பார்த்தான்.

மறுநாள் மதியம், லிங்கராஜபுரம் பாலம் இறங்கியதும்
அதே குழி, காலி கேன்கள்.
ஒன்றுமில்லை.
நம்பாமல் பின்னால் எடுத்து மறுபடி ஏறினேன்.
ஆட்டோக்காரர் கன்னடத்தில் என் அம்மாவை விசாரித்தார்.
மூன்றாம் தடவை
கண்ணாடியை முழுதும் இறக்கி,
கேன்களைப் பார்த்து
சும்மா இருங்க என்று அதட்டிவிட்டு.