கதவைச் சாத்துங்க சார்

கட்டபெட்டு இறக்கத்தில் எங்கள் லாட்ஜ்.
பதினோரு ரூம். பின்னால், தேயிலை தொடங்குகிற இடத்தில்,
பலகை அடித்த ஒரு சின்னப் பெட்டி.
வாசலில் சௌனா என்று எழுதியிருக்கும்.
எங்களுக்கு அது வேர்வை ரூம்.
சீகை விறகு பிளந்து அடுப்பு மூட்டுவது என் வேலை.
கல் சூடேற இரண்டு மணி நேரம் ஆகும்.

வருகிறவர்களுக்கான விதிகளைத்
தகட்டில் எழுதி மாட்டியிருக்கிறார்கள்.
யாரும் படிப்பதில்லை. நான்தான் சொல்வேன்:
குளிச்சிட்டு உள்ளே போங்க.
துண்டை விரிச்சு அதுமேல உக்காருங்க,
உங்க வேர்வை உங்க துண்டோட இருக்கட்டும்.
போன் வேண்டாம்.
கல்லுல தண்ணி ஊத்துறதுக்கு முன்னால
மத்தவங்களை ஒரு வார்த்தை கேளுங்க.
தைலம் ஒரு மூடி. ஒரு மூடின்னா ஒரு மூடிதான்.

(திருப்பூர்க்காரர் ஒருவர் பாட்டிலையே கவிழ்த்தார்.
ஆறு பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு
தேயிலைக்குள் ஓடினார்கள்.
அங்கே காட்டெருமை நின்றது.)

எல்லாவற்றையும்விடக் கதவு.
திறந்தால் உடனே சாத்த வேண்டும்.
உள்ளே இருப்பது வெறும் சூடு இல்லை,
கோடாலியோடு போன என் காலைப்பொழுது.

தை மாதம், ஒரு திங்கள்கிழமை.
அடுப்பு மூட்டியபிறகு போன் வந்தது,
ஈரோட்டுக் குடும்பம் வரவில்லையாம்.
வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக விறைத்துக் கிடந்தது.
மூட்டின அடுப்பை என்ன செய்வது?
"நாமே போவோம்" என்றான் சமையல்கார இஸ்மாயில்.
வாட்ச்மேன் சவரிமுத்து, ஜீப் ஓட்டுகிற ஹாலன், நான்.
எட்டு வருஷமாக வெளிப்பக்கம் மட்டுமே தெரிந்த கதவு.

உள்ளே மூன்று படி. மேல்படியில் சூடு அதிகம்.
யார் மேலே உட்காருவது?
அதைப் பற்றித் தகட்டில் ஒன்றும் இல்லை.
சவரிமுத்து தரையில் உட்காரப் போனார்.
"அங்க வெறும் குளிருய்யா" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.
கடைசியில் நாலு பேரும் நடுப்படியில்,
மூணு பேர் சீட்டில் நாலு பேராக,
முட்டியோடு முட்டி.

இஸ்மாயில் முதுகெல்லாம் எண்ணெய் தெறித்த புள்ளி.
ஹாலன் விலாவில் நீளமாக ஒரு தையல்.
தினமும் ஒரே பாத்திரத்து டீதான் குடிக்கிறோம்,
இதெல்லாம் தெரியாது.
கேட்கவில்லை.
கேட்காமல் இருப்பதுதான் முறை என்று பட்டது.

"தண்ணி ஊத்தட்டுமா?"
மூணு பேரும் தலையாட்டியபிறகு ஊற்றினேன்.
சவரிமுத்து ஏசுவே என்றார். இஸ்மாயில் அல்லா என்றான்.
ஹாலன் படுகு பாஷையில் ஏதோ சொன்னான்,
சாமி பேர் மாதிரி இல்லை.

அப்போது கதவு திறந்தது.

மேனேஜர் சிதம்பரநாதன்.
இடுப்பில் ஒரு துண்டு, தோளில் ஒரு துண்டு,
முகத்தில் மட்டும் மேனேஜர்.
எழுந்தோம். ஹாலனின் தலை கூரையில் இடித்தது.
அவர் உள்ளேயும் வரவில்லை, திரும்பிப் போகவும் இல்லை.
திட்டுவதா உட்காருவதா என்று
வாசலில் ஒரு காலை வைத்துக்கொண்டு யோசித்தார்.
அவர் யோசிக்க யோசிக்க
எங்கள் கணுக்காலுக்குக் குளிர் வந்து சேர்ந்தது.
மூன்று கட்டு சீகை.
வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது:
"கதவைச் சாத்துங்க சார்."

சாத்தினார்.
உள்பக்கமிருந்து.

கீழ்ப்படிதான் காலி.
தோள் துண்டை எடுத்து, சுருக்கமில்லாமல் விரித்து,
அதன்மேல் உட்கார்ந்தார்.
ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு, குவளையை எடுத்துக்கொண்டு,
"ஊத்தலாமா?" என்றார்.
யாரைக் கேட்டார் என்று புரியவில்லை.
சவரிமுத்துதான் பதில் சொன்னார்:
"கொஞ்சம் பொறுங்க."

குவளையை மடியில் வைத்துக்கொண்டு
பொறுத்தார்.

மறுநாள் விறகுக் கணக்கு நோட்டில்
மூன்று கட்டுக்கு நேராக அவர் கையெழுத்து:
"சோதனைக்காக எரித்தது."