கதவின் உயரம்

முர்தியாவின் வீட்டுக்குள் நுழைபவர்கள்
எல்லோரும் குனிகிறார்கள்.
பணிவினால் அல்ல.
மூன்று முறை தரையை உயர்த்தியாயிற்று,
வாசலின் மேற்சட்டம் மட்டும்
வீடு கட்டிய நாளில் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

முதல் தரை செங்கல்.
இரண்டாவது, சிப்பி ஓடும் மண்ணும்.
மூன்றாவது மூங்கில் பிளாச்சு;
படுத்தால் முதுகுக்குக் கீழே
தண்ணீர் நடமாடுவது கேட்கும்.
ஜன்னல் இப்போது முழங்கால் உயரத்தில்.
பதினேழு வயது மகன்
உட்கார்ந்தபடியே சட்டை மாற்றிக்கொள்கிறான்.

ஜாவாவின் வடகரை. டெமாக்.
இந்தத் தண்ணீருக்கு முன் இங்கே இறால் குட்டை,
அதற்கு முன் நெல்,
அதற்கு முன் காடு.
அலையாத்திக் காட்டை வெட்டியது யார் என்று கேட்டால்
ஊரே வேறு பக்கம் பார்க்கும்.
"எங்கள் அப்பாக்கள்தான்" என்பாள் முர்தியா,
மீன் செதில் உரிப்பதை நிறுத்தாமல்.
"இறாலுக்கு அன்று தங்க விலை."

கடல் ஏறுகிறது என்கிறார்கள்.
நிலம் இறங்குகிறது என்றும் சொல்கிறார்கள்,
நகரத்து ஆலைகள் அடிநீரை உறிஞ்ச உறிஞ்ச.
இரண்டும் சரி.
இதில் எது எவ்வளவு என்று
கணுக்காலுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.
பள்ளிவாசலில் விரிப்புகளை
உயரத்தில் ஆணியடித்து மாட்டிவைக்கிறார்கள்.
பௌர்ணமி ஏற்றம்
தொழுகை நேரம் பார்த்து வருவதில்லை.

ஒருமுறை ஆட்கள் வந்தார்கள்,
ஒரே நிறச் சட்டை, ஒலிபெருக்கி, பொட்டலச் சோறு.
ஆயிரம் கன்றுகளைக்
காலை வணக்கத்துக்கு நிற்கும் பிள்ளைகள் போல்
வரிசையாக நட்டார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள்.
மழைக்காலம் முடிந்தபோது
ஆயிரம் குச்சிகள்,
ஒவ்வொன்றிலும் அப்பிய கொட்டலசு.

பிறகுதான் இந்த வேலி.
இரண்டு வரிசை மூங்கில் கழி, நடுவே சுள்ளிக்கட்டு.
அலையை மறிக்காது;
உள்ளே விட்டு, வேகத்தைப் பிடுங்கிக்கொண்டு,
சேற்றை வைத்துவிட்டுப் போ என்று சொல்லும்.
சுங்கச்சாவடி என்றான் குஸ்வாதி, அவள் கொழுந்தன்.
முதல் வேலியைப் புயல் கொண்டுபோயிற்று.
இரண்டாவதைக் கப்பல்புழு தின்றது.
மூன்றாவதைக் கட்டும்போது குஸ்வாதி இல்லை.
கூரை ஓடுகளை விற்றுவிட்டு
நகரத்துக்குப் போயிருந்தான்.
போகாதே என்று அவள் சொல்லவில்லை.
ஓடுகளைப் படகில் ஏற்ற
ஒரு கை கொடுத்தாள்.

என் மொழியில் கரை என்றால் நிலத்தின் விளிம்பு.
அதே சொல்லை அதட்டிச் சொன்னால்
கட்டளை: கரைந்து போ.
அரைகுறை இந்தோனேசியத்தில் இதை
அவளுக்கு விளக்க முயன்றேன்.
கேட்டுவிட்டுச் சொன்னாள்:
"கடலுக்கு உங்கள் மொழி தெரிந்திருக்கிறது."

வெள்ளிக்கிழமைதோறும் வேலிக்கு உள்பக்கம்
கோடு கிழித்த மூங்கிலை இறக்குகிறாள்.
மகனின் பள்ளி நோட்டில், கடைசிப் பக்கத்திலிருந்து:
இரண்டு விரல்.
இரண்டு விரல்.
ஒன்றரை (பெரிய கப்பல் போன வாரம்).
மூன்று.

சேறு மேலே தலைகாட்டியதும்
முதலில் குடிவந்தது உளுவை,
துடுப்பை ஊன்றி, கண்ணை உருட்டி,
பத்திரம் கையில் இருப்பதுபோல்.
பிறகு, யாரும் நடாமல்,
நீரோடு வந்து ஒதுங்கிய விதைகளில்
பதினொன்று நிமிர்ந்தன.
பிறகு ஒன்பது.
மற்ற இரண்டும் அலைக்கா, நண்டுக்கா?
நோட்டில் வெறும் கேள்விக்குறி.

ஒன்பது செடியால் ஓர் ஊர் நிற்காது.
அவளுக்குத் தெரியும்;
நான்காம் தரைக்கு மூங்கில் விலை
விசாரித்து வைத்திருக்கிறாள்.
ஆனாலும் சந்தையிலிருந்து திரும்பும்போது,
எவ்வளவு இருட்டியிருந்தாலும்,
வேலிமுனை தெரிந்ததும்
எஞ்சினை அணைத்துவிடுகிறாள்.
படகு கிளப்பும் அலைகூட
அந்தப் பக்கம் போகக் கூடாதாம்.

"அரை மணி நேரம் வீண்" என்கிறான் மகன்,
மறு துடுப்பை எடுத்துக்கொண்டே.