பிசிறு

காப்பகத்து நோட்டில் நூற்றுப் பதினேழு.
காது நுனியில் கருத்தடைக்கு வெட்டிய அடையாளம்.
பிசிறு என்று நான் கூப்பிட்டேன்.
செக்கிங் டேபிளில் நாளெல்லாம்
வெட்டித் தள்ளுவது அதைத்தான்,
வேறு பேர் வாயில் வரவில்லை.

அனுப்பர்பாளையத்து லைன் வீட்டில்
முதல் மூன்று நாள் கட்டிலுக்கடியே கிடந்தது.
கையைத் தூக்கினால் நனைத்துவிடும்.
விளக்கை அணைத்து
தூங்குவதுபோல் நான் மூச்சு விட்டால்தான்
தட்டு நகரும்.
அந்தச் சத்தத்தைக் கேட்பதற்கென்றே
ஒன்றரை ஷிப்ட் வேண்டாமென்று
ஒரு ஷிப்டோடு வந்துகொண்டிருந்தேன்.
சூப்பர்வைசர் கேட்டதற்கு
ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருக்குதுங்க என்றேன்.
பொய்யில்லை.

அடுத்த சந்தில் பாத்திரப் பட்டறை.
ஏழு மணிக்கே சுத்தியல் விழும்.
முதல் அடிக்குச் சுவரோடு சுவராய் ஒட்டிக்கொண்டது.
டங். ஒரு துணுக்கு ஈரல்.
டங். இன்னொரு துணுக்கு, நகத்தளவு.
அவர்கள் ஒரு அண்டா அடித்து முடிப்பதற்குள்
எனக்குக் கால் கிலோ தீர்ந்துவிடும்.
ஒன்பதாம் நாள்
சுத்தியல் நின்றதும்
பட்டறைப் பக்கம் பார்த்தது,
என்னைப் பார்த்தது:
ஏன் நிறுத்திட்டாங்க?

துடைப்பத்திடம் மட்டும் தோற்றேன்.
அதைக் கூரையில் செருகிவிட்டு
பனியன் வேஸ்டில்தான் வீட்டைத் துடைத்தேன், கடைசி வரை.
யார் கையில் இருந்த துடைப்பமோ.

சொல்லிக்கொடுத்தது மூன்றே சொல்.
இரு, விடு, வா.

இரு என்றுவிட்டு ஓரடி நகர்வேன். எழுந்துவிடும்.
மறுபடி முதலிலிருந்து.
வாசப்படி வரை, குழாயடி வரை,
இருபத்தாறாம் நாள்
முக்குக் கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கி,
சில்லறைக்குச் சண்டை போட்டுத்
திரும்பி வரும்வரை இருந்தது.

விடு என்றால் என் செருப்பை விடும்.
பக்கத்து வீட்டுச் செல்வாம்பாள் வீசும்
கோழி எலும்பை
யோசித்து விடும்.

வா என்பதைக் கெடுத்துவிடாதீங்க என்றார்
காப்பகத்து ரோசலின் டாக்டர்.
அந்தச் சொல்லில் கூப்பிட்டுத் திட்டக்கூடாது,
கட்டக்கூடாது, குளிப்பாட்டக்கூடாது.
வா என்றால் நல்லது மட்டுமே நடக்கணும்.
அப்படித்தான் நடத்தினேன்.
கணக்குப் போட்டுப் பார்த்தால்
என்னை வா என்றவர்கள் எல்லாம்
ஏதோ ஒரு வேலை வைத்திருந்தார்கள்.

நாற்பத்தோராம் நாள், ஞாயிறு,
காங்கயத்திலிருந்து வேன் வந்தது.
நாச்சிமுத்து, கரண்டாபீசில் லைன்மேனாக இருந்தவர்.
பின்சீட்டில் பழைய ஜமக்காளம் விரித்திருந்தார்.
கை நீட்டவில்லை, உச்சுக்கொட்டவில்லை.
வாசலில் தரையோடு உட்கார்ந்து
வேறெங்கோ பார்த்தபடி
மழையைப் பற்றிப் பேசினார்.
பிசிறு போய் அவர் முழங்கையை மோந்தது.
சரியான ஆள்தான் என்று தெரிந்துவிட்டது.
தெரிந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

சீட்டில் எழுதிக் கொடுத்தேன்:
ஈரல் வெந்ததும் ஆறவிட்டு.
தலையில் தொடாமல் முதலில் கழுத்தில்.
துடைப்பம், இதற்கு அடிக்கோடு இரண்டு.

வேனில் ஏறிவிட்டது.
கதவு இன்னும் சாத்தவில்லை.
யாரையும் போ என்று அனுப்பி
நமக்குப் பழக்கமில்லையே,
வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது:
"போயிட்டு வா, கண்ணு."

வா காதில் விழுந்ததும் குதித்தது.
ஓடிவந்து எதிரே உட்கார்ந்து
முகத்தைத் தூக்கியது.
அவ்வளவு சுத்தமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.
நாச்சிமுத்து சிரிக்காமல் இருந்தார், நல்ல மனிதர்.

பையில் ஒரு துணுக்கு இருந்தது.
கொடுத்தேன்.
தூக்கிப்போய் ஜமக்காளத்தில் வைத்து
இரு என்றேன்.
கதவைச் சாத்தினேன்.
இருந்தது.
வேன் சந்து திரும்பும்வரை
கண்ணாடியில் அந்த வெட்டுக்காது.

உள்ளே வந்து கூரைத் துடைப்பத்தை உருவினேன்.
கட்டிலுக்கடியில் ஒரு கை முடி,
தொலைந்துபோன செருப்பு வார்.
முகூர்த்த மாசம், பட்டறைக்கு ஞாயிறும் வேலை.
டங் என்றது.
கை
சட்டைப் பைக்குள் போனது.