தட்டிக் கேட்டல்

தல்கவானோ கப்பல் பட்டறையில்
பற்றவைத்த இரும்பைச் சோதிப்பது என் வேலை.
பசை பூசி, கருவியை வைத்து நகர்த்தினால்
காதுக்கு எட்டாத ஒலி உள்ளே போகும்.
கீறல் இருந்தால்
திரையில் ஒரு முள்ளாய்த் திரும்பி வரும்.
பதினோரு வருடம்.
"பார்த்தாலே தெரியுதே, நல்ல பற்று" என்றவர்கள்
எத்தனை பேரைத் தட்டிக் கேட்டிருக்கிறேன்.

அப்படிப்பட்டவள்தான்,
மத்ரோனா ஒர்ஃபெலினா
(இந்த நாட்டில் பிரசவம் பார்ப்பவரே இதையும் பார்ப்பார்)
"கடைசியாக எப்போது சோதித்தாய், யஸ்னா?" என்றதும்
"எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்றேன்.
சொன்னது எனக்கே கேட்டது.

அரிப்பில்லை. எரிச்சலில்லை. அடிவயிற்றில் இழுப்பில்லை.
காப்பர் டி மாற்றத்தான் வந்திருந்தேன்.
அவர் நீளமான பஞ்சுக்குச்சி ஒன்றை நீட்டினார்.
"திரைக்குப் பின்னால் போ. நீயே எடுக்கலாம்.
உள்ளே வைத்துப் பத்து எண்ணும்வரை சுழற்று."
எட்டில் சந்தேகம் வந்து
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.
வேலையிலும் நான் அப்படித்தான்.

பன்னிரண்டாம் நாள் தொலைபேசி.
கிளமிடியா.
யாரோ பூச்செடிக்குப் பெயர் சொன்னதுபோல் இருந்தது,
தொட்டியில் வைத்தால் வரும், நிழல் போதும் என்கிற மாதிரி.

நோவு இருந்தால்தானே நோய் என்றேன்.
நோவு இல்லை, நோய் இருக்கிறது என்றார்.
விட்டுவைத்தால் கருக்குழாயில் தழும்பு கட்டலாம்,
அதுவும் சத்தமில்லாமல்.
மாத்திரை, நாளுக்கு இரண்டு, ஏழு நாள்.
டம்ளர் நிறையத் தண்ணீர் குடி.
விழுங்கியதும் படுக்காதே.
வெயிலில் அலையாதே.
ஏழு நாளும் யாரோடும் படுக்காதே.
இரண்டாவது "படுக்காதே"யில்
இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"யாரிடமிருந்து வந்திருக்கும்?"
"அது வக்கீல் வேலை.
இனி யாரிடம் போகாமல் இருக்க வேண்டும்,
அதுதான் என் வேலை."

இரண்டு பெயர்கள்.

லிசாந்த்ரோ முதல் வாக்கியத்திலேயே கத்தினான்,
நீ யார் யாரோடெல்லாம் என்று தொடங்கி
முடிக்காமலே வைத்துவிட்டான்.
செய்தி எழுதினேன்.
இரண்டு நீலக் குறி விழுந்தது, அவ்வளவுதான்.
மத்ரோனா அவன் எண்ணை வாங்கிக்கொண்டார்,
என் பெயர் சொல்லாமல் பேசுவாராம்.
அவன் போனானா, தெரியவில்லை.
அது ஒரு பக்கம் கிடக்கிறது,
சோதிக்க விடாமல் கடலுக்குப் போன கப்பல்போல.

எவரிஸ்தோ ஹூரல் மீன்பிடியில் இருந்தான்.
சிக்னல் கிடைக்க நான்கு நாள் ஆனது.
எல்லாம் கேட்டுவிட்டு,
"எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, யஸ்னா" என்றான்.
எஞ்சின் இரைச்சலுக்குள்ளிருந்து என் குரலே வந்ததுபோல.

"உன் படகை வருடம் ஒருமுறை கரையேற்றுகிறாயே,
தண்ணீர் உள்ளே புகுந்த பிறகா ஏற்றுகிறாய்?"

கடற்பறவை ஒன்று நடுவில் கத்தியது.
அவன் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, தாழ்ந்து: "குத்துவார்களா?"
"ஒரு குப்பியில் சிறுநீர்."
"அவ்வளவுதானா?"
ஏமாந்தவன்போல் கேட்டான், பாவம்,
பெரிய தண்டனைக்குத் தயாராகியிருந்திருப்பான்.

மார்ச்சில் நான் மறுபடி போக வேண்டும்.
குணமானவருக்கும் திரும்பத் தொற்றும்,
மூன்று மாதத்தில் இன்னொருமுறை பார்க்க வேண்டுமாம்.
நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்,
சம்பள நாளுக்குப் பக்கத்தில்.

நேற்று எவரிஸ்தோ ஒரு படம் அனுப்பினான்.
செதில் ஒட்டிய விரல்களுக்கிடையே
காலியான மாத்திரை அட்டை.
கீழே ஒரே சொல்: எண்ணிக்கொள்.

பெரிதாக்கி எண்ணினேன்.
பதின்மூன்று குழிகள் தெரிந்தன.
பதினான்காவதைக் கட்டைவிரல் மறைத்திருந்தது.

அழைத்தேன்.