ஐந்தாம் எண் கூண்டு

துறைமுகத்தில் கூண்டு ஏறிவிட்டதென்று
மூன்றரை மணிச் செய்தியில் சொன்னார்கள்.
மொட்டைமாடிக்குப் போனேன்.
பதினோரு தொட்டி.
மாடிக்கும் வீட்டுக்கும் நடுவே இருபத்திரண்டு படி.
ஈரமண் ஒவ்வொரு படிக்கும்
அரைக்கிலோ கூடும்.

முதலில் ஜெரேனியம்.
ஏற்காட்டில் தொண்ணூறு ரூபாய்.
“கடலூரா? ஒரு மழைக்குத் தாங்காதுக்கா”
என்றபடியே காசை வாங்கிப் போட்டுக்கொண்டான்.
மூன்று ஐப்பசி தாங்கிவிட்டது.
தாங்கியது அது இல்லை,
என் இடுப்பு.

குளிர்தேசங்களில் உறைபனிக்குப் பயந்து
உள்ளே எடுத்து வைப்பார்களாம்.
மஞ்சக்குப்பத்தில் பனி என்பது
மார்கழி விடியலில் தலைக்கு ஒரு துண்டு.
இங்கே இதைக் கொல்வது தண்ணீர்.
ஒரு வாரம் விடாமல் பெய்தால்
தண்டு அடியில் கறுத்து
வெந்த கத்தரிக்காயாய்க் குழைந்துவிடும்.

பழைய பேப்பர் விரித்து
டிவி பக்கத்தில் இரண்டு,
நடுக்கூடத்தில் ஐந்து,
வாசலடைத்து ரோஜா இரண்டு,
ஃபிரிட்ஜ் மேல் கற்றாழை,
தணிகாசலம் ஹெல்மெட் வைக்கும் இடத்தில் கற்பூரவல்லி.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு
வீட்டை ஒரு சுற்று சுற்றினார்.
கடைசியில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அழைக்காமல் வந்தவையும் உண்டு.
நத்தை இரண்டு.
முட்டை சுமந்த எறும்பு வரிசை ஒன்று.
ரோஜாத் தொட்டியின் அடியிலிருந்து
கட்டைவிரல் நகமளவு தவளை,
குதித்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போனது
வரவேயில்லை.

ஆறரைக்குக் கரண்ட் போயிற்று.
தேவனாம்பட்டினம் பக்கமிருந்து காற்று
முதலில் இரைந்தது.
அப்புறம் தோளால் இடித்தது.

ஏழு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள்.
பக்கத்துக் காலிமனையில்
தார்ப்பாய்க்கடியில் இஸ்திரி போடும் அஞ்சலாட்சி.
தலையில் மூட்டை.
பாலித்தீன் தாள் மூட்டைக்குத்தான், அவளுக்கு இல்லை.
“ஊர்த் துணிக்கா. நனைஞ்சா யார் பதில் சொல்றது?
இதை மட்டும் வெச்சிக்க.
நான் பள்ளிக்கூடத்துக்குப் போயிக்கிறேன்.”

நாலிலிருந்து ஆறுவரை
பதினோரு முறை ஏறி இறங்கினேன்.
பதினோரு முறையும்
கைப்பிடிச்சுவருக்கு மேலே தெரிந்தது
அந்த நீலத் தார்ப்பாய்,
அடித்துக்கொண்டு.
பார்த்தேன்.
கயிறு நன்றாகத்தான் கட்டியிருக்கிறாள்
என்று நினைத்தேன்.

உள்ளே வா என்றேன்.
நிஜமாகவே இடமில்லை.
ரோஜா இரண்டும் குளியலறைக்குப் போயின,
நடுக்கூடத்துத் தொட்டிகள் ஒன்றையொன்று இடித்து
சுவரோரம் ஒதுங்கின.
ஒரு ஆள் நீளத்துக்குத் தரை தெரிந்தது.
படுத்தாள்,
ஒரு கை மூட்டைமேல்.

நடுராத்திரி
ஜன்னல் கொக்கி பிய்த்துக்கொள்ளப் பார்க்கும் நேரம்,
இருட்டில் அவள் கை எதன்மீதோ பட்டிருக்க வேண்டும்.
“என்னக்கா செடி இது?
எலுமிச்சம்பழத்தைச் சூட்டு இரும்புல தேச்சாப்ல
வாசம் வருது.”
மூன்று வருஷமாய் அந்த வாசனைக்குச்
சொல் தேடிக்கொண்டிருந்தவள் நான்.
“சரிதான்” என்றார் தணிகாசலம்.
அன்று சாயங்காலத்திலிருந்து
அவர் பேசிய முதல் வார்த்தை.

விடிந்தபோது தார்ப்பாய் இல்லை.
நான்கு கம்பத்திலும் கயிறு இருந்தது,
முடிச்சு அவிழாமல்.
அவள் முகம் கழுவிக்கொண்டு
மேசையைத் தேடப் போனாள்.
சாயங்காலம் வந்து மூட்டையைப் பிரித்து
கசங்கியதைக் கசங்கியபடியே
வீடு வீடாய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.
காசு கேட்கவில்லை என்று கேள்வி.
சில வீடுகளில் கொடுக்கவுமில்லை.

பத்துத் தொட்டி மாடிக்குப் போய்விட்டது.
ஜெரேனியம் தை வரை உள்ளேதான்.
வெளிச்சத்துக்கு எட்டி எட்டிக்
கழுத்து நீண்டுவிட்டது.
இரண்டு இலை மஞ்சள்.
கிள்ளிவிட வேண்டும், மனசு வரவில்லை.
காலையில் விரலை மண்ணில் விட்டுப் பார்ப்பேன்,
ஈரம் இருந்தால் ஊற்றுவதில்லை.
அந்த ஜன்னலிலிருந்து காலிமனை தெரியும்.
இப்போது பச்சைத் தார்ப்பாய்.
பழைய கயிறு.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால்
ராத்திரியில் ஒருமுறை,
ஒரே ஒருமுறை,
தவளை கூப்பிடும்.