கேத்தல் சின்னம்

எந்தக் கட்சிக்கும் போகாமல்
கேத்தல் சின்னத்தில் நின்றவர் தவேந்திரராசா.
மண்டூரில் ஒரு மதிலில் இன்னும்
சுண்ணாம்புக்குள்ளால் அதன் மூக்குத் தெரியுது.

மாகாண சபையில் ஐந்து வருசம் கடைசி வாங்கு.
"எங்கட துறைக்கு ஒரு பாலம்" என்று எழும்புவார்,
மணி அடிக்கும்,
இருப்பார்.

இப்போது வீதி அதிகாரசபைத் தலைவர்.
மட்டக்களப்புக் கந்தோர், ஏசி அறை.
கோப்புக் கொண்டுபோறவன் நான்.

நேற்றுப் போனது கறையான் தின்ற கோப்பு.
உள்ளே அவரே எழுதின கடிதம்,
பாலம் கேட்டு.
ஓரத்தில் அன்றைய தலைவரின் கையெழுத்து: நிதியில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஏசியை நிறுத்தச் சொன்னார்.
பிறகு அதற்குக் கீழே
"கிடைத்தது" என்று எழுதி
திகதி போட்டார்.

தேத்தண்ணி கேட்டார், சீனி இல்லாமல்.
வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.
குருமண்வெளியில் கடைசிப் பாதை
ஆறரைக்கு.